கல் கிடங்கில் ஒரு ஜெட் விமானம்

கல்யாண வீடுகளில் யாராவது, "என்ன வேல பாக்குறீக?" என்று கேட்டாலே எனக்கு வியர்த்துவிடும். "ஜெட் விமானத்துல" என்பேன். "அப்ப துபாய், சிங்கப்பூர்லாம் போயிட்டு வருவீகன்னு சொல்லுங்க!" என்பார்கள். "இல்ல, அது பறக்காது" என்பேன். அதோடு பக்கத்து இலைக்காரர் அங்குட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

பறக்காது என்றது உண்மை. காரைக்குடிக்கு வெளியே, கோவிலூர் போகிற வழியில் இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் சிமுலேட்டர் ஆபரேட்டராக இருந்து இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன். ஐம்பது பேர் போகிற சின்ன ஜெட் விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கொட்டகைக்குள் வைத்ததுபோல் இருக்கும் எங்கள் சிமுலேட்டர். உள்ளே இரண்டு பைலட் இருக்கைகள், தலைக்கு மேலும் கைக்குக் கீழும் சுவிட்சுகள், எதிரே ஓடுபாதையைக் காட்டும் பெரிய திரை. பின்னால் சுவிட்சுகள் பதித்த ஒரு பலகை. அதுதான் என் இடம். அங்கிருந்து மழை வரவழைக்கலாம், இன்ஜினைக் கெடுக்கலாம், விளக்கை அணைக்கலாம்.

பள்ளிக்கு இப்போது புது மெஷின் வந்துவிட்டது. எல்லாம் கண்ணாடி, விரலால் தடவினால் போதும். அதில் படிக்கிற பிள்ளைகள், "பழைய மெஷின் அப்ரூவல் வாங்குன கதைய எழுதிக் குடுங்க சார், ஆண்டு மலர்ல போடுறோம்" என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பிழை இருந்தால் டைப் செய்கிறவர் திருத்திவிடுவார் என்று நம்புகிறேன். அவர் திருத்துகிறேன் என்று வேறு ஏதாவது ஆக்கிவிட்டால் என்ன செய்வது என்றும் கவலையாக இருக்கிறது.

கவலை எனக்குப் பிறவிக் குணம். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் படிப்பை விட்டு, காரைக்குடி செக்காலையில் ஒரு ஏசி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வீட்டில் ஏசி மாட்டிவிட்டு வந்தால், அது சுவரோடு விழுந்துவிட்டதோ என்று மறுநாள் போய் எட்டிப் பார்ப்பேன். "என்னப்பா சவரி, ஏசிய மாட்டுனியா, பொண்ணக் கட்டிக் குடுத்தியா?" என்று கடைக்காரர் கேட்பார். அப்படியே பல வருடம் போயிற்று. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஆத்தங்குடித் தரைக்கல் வியாபாரம் செய்துவந்த சொக்கலிங்கம் என்பவர், தன் கல் கிடங்குகளில் ஒன்றைக் காலி செய்து விமானப் பள்ளி ஆரம்பித்தார். காலமான அவர் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, விமானத்தின் மேல் கொள்ளை ஆசையாம். அவர் பெயரையே பள்ளிக்கு வைத்தார். வெளிநாட்டிலிருந்து பழைய சிமுலேட்டர் ஒன்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கம்ப்யூட்டர்கள் கிடங்கில் சூடு தாங்காமல் நின்று நின்று போக, ஏசி போட நான் போனேன். ஏசி ஓடியது. ஆனால் இரவில் நின்றுவிட்டால் என்ன ஆவது என்று மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன்.

மூன்றாம் முறை கதவைத் திறந்தது கேப்டன் ஸ்டெல்லா. தேவகோட்டைப் பக்கத்துக்காரர். நிஜ விமானங்களில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்று, பள்ளியின் தலைமைப் பயிற்சியாளராக வந்திருந்தார். வெள்ளைச் சேலை, குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி.

"யாரும் கூப்பிடலையே, ஏன் வந்தீக?"

"ஒண்ணுமில்ல மேடம், கவலையா இருந்துச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கவலப்படுற ஆளுதான் எனக்கு வேணும். ஆனா நீங்க கண்டபடி படுறீக. வரிசையாப் படணும். படுவீகளா?"

அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

வரிசையாகக் கவலைப்படுவது என்றால் செக்லிஸ்ட். விமானத்தை இருட்டாக, குளிர்ந்து கிடக்கிற நிலையிலிருந்து எழுப்ப வேண்டும். முதலில் பேட்டரி. பிறகு தீ எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்று ஒரு சோதனை. பிறகு வாலில் இருக்கும் குட்டி இன்ஜின். அது மின்சாரமும் தரும், காற்றும் தரும். அந்தக் காற்றின் அழுத்தத்தில்தான் பெரிய இன்ஜின்கள் சுழலத் தொடங்கும். போதிய வேகம் வந்த பிறகு எரிபொருள் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் உள்ளே வெந்துபோகும். கேப்டன் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் வருவதற்கு முன், மெஷினைச் சரிபார்க்க என்னையே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிப் பார்ப்பார். முதல் நாள்:

"பேட்டரி?"

"ஆச்சு."

"என்ன ஆச்சு?"

எனக்குப் பதறிவிட்டது. "ஒண்ணும் ஆகல மேடம், நல்லாத்தான் இருக்கு!"

கேப்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்தது அபூர்வம். அப்புறம் முகம் மாறிவிட்டது. "சவரி, இந்த அறைக்குள்ள 'ஆச்சு'ன்னு ஒரு வார்த்த கிடையாது. நீங்க சுவிட்சப் போட்டீகளாங்கிறது எனக்கு வேணாம். போட்ட பொறவு அங்குட்டு என்ன தெரியுது? அதச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் இது பெரிய சிரமம். சமையற்கட்டைப் பார்த்து "சோறு ஆச்சா?" என்று கேட்டால், உலையே வைக்காதவர்களும் "ஆச்சு, ஆச்சு" என்பார்கள். தையற்காரர் துணியை வெட்டியிருக்கவே மாட்டார், "ஆச்சு, நாளைக்கு வாங்க" என்பார். அது பொய் இல்லை, ஒரு மரியாதை. அதை என் வாயிலிருந்து எடுக்க கேப்டனுக்கு வெகு நாள் பிடித்தது. நான் "ஆச்சு" என்றால் திட்ட மாட்டார். அதே கேள்வியை, அதே குரலில் திரும்பக் கேட்பார். "பேட்டரி?" நான் "பேட்டரி ஓடுது, வோல்ட் இருபத்தி நாலு காட்டுது" என்று சொல்லும்வரை அடுத்த வரிக்குப் போக மாட்டார். மாணவர்களிடமும் அப்படித்தான். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து அதில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. விமானத்தில் பயணிகளுக்கான ஏசியும் அதே காற்றில்தான் ஓடுகிறது. அந்த ஏசிக்குப் பேக் என்று பெயர், இடதும் வலதுமாக இரண்டு உண்டு. இன்ஜினைக் கிளப்பும் முன் இரண்டையும் நிறுத்தியாக வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் மாதிரிதான். கீழே ஒருவர் குழாயைத் திறந்து வைத்திருந்தால் மேலே சோப்புப் போட்டு நிற்பவருக்கு நூல் மாதிரிதான் வரும்.

இனி அப்ரூவல் கதை. விமானத் துறையின் ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் எங்கள் மெஷினில் மாணவர்கள் பழகும் நேரம் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் அது விளையாட்டுச் சாமான். முதல் முறை வந்தவர் திரையும் ஒலியும் சரியில்லை என்று திருப்பிவிட்டார். அதைச் சரிசெய்ய முதலாளி சொக்கலிங்கம் நிறையச் செலவழித்தார். இரண்டாம் முறை தேதி வந்ததும் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இதுதான் கடைசி. இந்தத் தடவையும் போச்சுன்னா மெஷினப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு மறுபடி கல்ல அடுக்கிருவேன். என்னால முடியல."

எனக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஏசி வேலைக்குத் திரும்ப ஏணி ஏறும் முழங்கால் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதையெல்லாம்விட, அந்த மெஷினை இரும்புக்கு எடைபோடுவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆய்வுக்கு முதல் நாள் மத்தியானம் முதலாளி என் பலகைக்கு வந்தார். அந்தப் பலகையில் ஒரு சுவிட்ச் உண்டு. நாங்கள் அதை 'சுலபம்' என்போம். அதைப் போட்டுவிட்டால் எது கெட்டிருந்தாலும், எதை மறந்தாலும், இன்ஜின் கிளம்பிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வரும்போது போடுவோம். அன்று காலையில்கூட முதலாளியின் இளையாத்தங்குடிச் சொந்தக்காரர்கள் வந்து, சுலபத்தில் ஆளுக்கொரு தடவை பறந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சவரி, நாளைக்கும் அத அப்படியே போட்டு வைங்க. அந்த ஆளு முன்னாடி இன்ஜின் கெளம்பாம முழிச்சுச்சுன்னா எம் மானம் போயிரும்."

நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு உட்கார்ந்ததும் கவலை ஆரம்பித்துவிட்டது. போட்டு வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டால்? போடாமல் விட்டு இன்ஜின் கிளம்பாவிட்டால்? இரண்டு பக்கமும் கல்தான் தெரிந்தது. நேரே கேப்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலாளியை அங்கேயே கூப்பிட்டார்.

"அத அணைச்சிருவோம் சார்."

"ஏங்க, கெளம்பலைன்னா?"

"கெளம்ப வேண்டிய நேரத்துல கெளம்பும். கெளம்பக் கூடாத நேரத்துல நிக்கும். நிக்கிறதுக்கும் சேத்துத்தான சார் இத வாங்கிருக்கோம்? உங்க அப்பச்சி பேருல நடக்குற எடம். நாளைக்கு இங்க படிக்கிற புள்ள நெச விமானத்துல போயி, எத மறந்தாலும் கெளம்பும்னு நெனச்சா?"

முதலாளியிடம் அப்பச்சி பெயரைச் சொன்னது வேலை செய்தது. "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சுவிட்சை அணைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு ஒன்று உறுத்தியது. சுலபத்தை அணைத்த பிறகும் மெஷின் சில சமயம் அதே செல்லத்தில் ஓடுவதை முன்பு கவனித்திருக்கிறேன். முழு மெஷினையும் அணைத்துத் திரும்பப் போட்டால்தான் அது அடியோடு போகும். ஆய்வு அன்று காலையில் முதல் வேலையாக, இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போட்டேன். திரும்ப உயிர் வர நேரமாகும், ஆய்வாளர் வருவதற்குள் வந்துவிடும் என்று கணக்கு.

ஆய்வாளர் சீக்கிரமே வந்துவிட்டார். நரைத்த மீசை, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, கையில் ஒரு குடை. உள்ளே திரை கறுப்பு, சுவிட்சுகள் கறுப்பு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

முதலாளி என் காதில், "என்னய்யா, எழவு வீடு மாதிரி இருட்டாக் கெடக்கு!" என்றார்.

கேப்டன் அசையவில்லை. "இருட்டுலருந்தே ஆரம்பிக்கலாம் சார்" என்றார் ஆய்வாளரிடம்.

"அதத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

அதற்குள் அடுத்த இடி. கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய இளம் பயிற்சியாளர் காய்ச்சல் என்று போன் செய்தார். முதலாளி என் சட்டையைப் பிடிக்காத குறை. கேப்டன் மட்டும், "சவரி, வலது பக்கம் உக்காருங்க" என்றார். நான் பைலட் இல்லை என்று ஆய்வாளரிடம் நானே சொன்னேன், பின்னால் தெரிந்தால் தப்பாகிவிடுமே என்று.

"யாரு உக்காந்தாலும் சரி. நான் மெஷினப் பாக்க வந்தவன், ஆளப் பாக்க வரல" என்று சொல்லிவிட்டு அவர் என் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இனி என்ன கெடும் என்பது அவர் கையில். என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து என் முதுகைப் பார்க்கிற அனுபவம் எனக்கு அதுதான் முதல்.

மெஷினுக்கு உயிர் வந்ததும் ஆரம்பித்தோம். பேட்டரி வந்தது. தீ மணி அடித்தது, அது சோதனைதான் என்று தெரிந்தும் நான் துள்ளினேன். வால் இன்ஜின் எழுந்து, அதன் ஊளைச் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. கேப்டன் மடியில் செக்லிஸ்ட், விரல் வரிமேல்.

"வலது பேக்?"

அணைத்தேன். எதிரே சின்னத் திரையில் காற்றுக் குழாய்களின் படம் தெரியும். "நின்னுருச்சு. வால்வு மூடிருக்கு."

"இடது பேக்?"

அணைத்தேன். 'ஆச்சு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதற்றத்தில் பழைய வார்த்தைதானே முதலில் வரும். விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன். படத்தில் வால்வு குழாய்க்குக் குறுக்கே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

"இடது பேக்... சுவிட்ச் அணைஞ்சிருக்கு. வால்வு மூடல. காத்து இன்னும் போகுது."

"திரும்ப."

போட்டு அணைத்தேன். "அப்படியேதான் இருக்கு."

பின்னாலிருந்து ஆய்வாளர் குரல்: "பரவாயில்ல, இடது இன்ஜினக் கெளப்புங்க."

"நெசத்துல இப்படிக் கெளப்ப மாட்டேன் சார். நீங்க பாக்கக் கேக்குறதால செய்றோம்" என்றார் கேப்டன். பொத்தானை அழுத்தினார். நான் சுழற்சியைப் படித்தேன். வேகம் இருபது சதவீதத்தைத் தாண்டினால்தான் எரிபொருள் விடலாம்.

"ஏறுது. பத்து. பன்னெண்டு. பதினாலு. பதினஞ்சு." அங்கே நின்றது. முள்ளைப் பார்த்துப் பார்த்து என் கண் எரிந்தது. "பதினஞ்சுலயே நிக்குது."

முதலாளியால் பொறுக்க முடியவில்லை. "தள்ளுங்க சவரி! அந்தக் கைப்பிடியத் தள்ளுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார், ஏதோ மேட்டில் நின்றுபோன மினிபஸ்ஸைத் தள்ளச் சொல்வதுபோல. எரிபொருள் கைப்பிடி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கேப்டன் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு, முன்னால் தள்ளாமல், என்னை மட்டும் கேட்டார்: "என்ன தெரியுது?"

"இருபது வரல. வராது மேடம்."

"நிறுத்துறேன்."

சுழற்சி இறங்கியது. ஊளைச் சத்தம் மட்டும் மிச்சம். முதலாளி "போச்சு" என்று சொன்னது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. எனக்கும் கண்முன் கல் அடுக்குகள்தான் தெரிந்தன, பூப்போட்டது ஒரு வரிசை, கட்டம் போட்டது ஒரு வரிசை.

ஆய்வாளர், "சரி, இப்ப என்ன செய்வீங்க?" என்றார்.

கேப்டன் கையேட்டைப் பிரித்தார். அவசரமே இல்லை. இடது, வலது காற்றுக் குழாய்களை இணைக்கும் ஒரு நடு வால்வு உண்டு. அதை மூடினால் கெட்டுப்போன இடது பக்கம் தனியாகிவிடும், எங்கள் விமானத்தில் வால் இன்ஜின் காற்று முழுக்க வலது பக்கத்துக்கு வரும். வரி வரியாகப் படித்தார். நான் நடு வால்வை மூடினேன்.

"நடு வால்வு மூடிருக்கு. வலது பக்கம் அழுத்தம் ஏறுது."

வலது இன்ஜின். "பத்து. பதினஞ்சு." இடது இன்ஜின் நின்றுபோன இடம் அது. "பதினெட்டு. இருபது. தாண்டிருச்சு!" கேப்டன் கைப்பிடியை முன்னால் தள்ளினார். "பத்திக்கிச்சு மேடம். வெப்பம் ஏறுது, ஏறுது... இறங்குது. நிதானமா இருக்கு." இன்ஜின் சத்தம் இடுப்பு எலும்பில் வந்து உட்கார்ந்தது.

பிறகு நடு வால்வைத் திறந்து, ஓடுகிற வலது இன்ஜினைக் கொஞ்சம் கூட்டினார் கேப்டன். வால் இன்ஜின் தராத பலமான காற்று இடது பக்கம் பாய்ந்தது. ஒரு பங்கு பேக்கில் ஒழுகியும், மிச்சமே போதுமானதாக இருந்தது. இடது இன்ஜின் பதினைந்தில் நிற்கவே இல்லை. இரண்டும் ஓடின. கேப்டன் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு தலையசைப்பு. எத்தனையோ வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த மாலை அதுதான்.

ஆய்வாளர் எழுந்து எங்கள் இருக்கைகளுக்கு நடுவில் வந்து நின்றார். "அந்த வால்வ மூடாதபடி நான்தான் கெடுத்து வச்சேன். மொதத் தடவ கெளம்பியிருந்துச்சுன்னா, குடைய எடுத்துட்டு அப்பவே கெளம்பியிருப்பேன். எதச் செஞ்சாலும் கெளம்புற மெஷின் நெறையப் பாத்தாச்சு. இது நிக்க வேண்டிய எடத்துல நிக்குது."

முதலாளிக்கு அது விளங்கவில்லை. "சார், பாஸா, பெயிலா? அதச் சொல்லிருங்க சார்."

"மிச்சத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். சக்கரம், பிரேக், ஹைட்ராலிக், ஒரே இன்ஜினோடு தரையிறக்கம் என்று எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் கெட வேண்டிய விதத்தில் அழகாகக் கெட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பயிற்சிய ஆரம்பிங்க" என்றார். முதலாளி அந்தக் கையை விடவே இல்லை. கேப்டன் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

நான் வெளியே வெயிலுக்கு ஓடிவந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க, இன்ஜினு ஓடுச்சா?"

"மொதல்ல ஓடல ரீத்தா."

"அய்யோ மாதாவே!"

"ஓடாததுக்குத்தான் பாஸ் போட்டாரு."

"அப்பறம் ஓடுச்சா?"

"ஓடுச்சு. அதுக்கும் பாஸ்."

"ஓடாட்டியும் பாஸு, ஓடுனாலும் பாஸு. இதுக்கா இத்தன நாளாச் சோறு எறங்காம உக்காந்திருந்தீக?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. அப்படி வாய்விட்டு நான் சிரித்தே வெகு காலம் ஆகியிருந்தது. அதற்குள் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓடி வந்தார்.

"சவரி, போன வைங்க, சீக்கிரம் உள்ள வாங்க! அந்த ஆளு தானே ஒரு தடவ ஓட்டிப் பாக்கணுமாம். இடது சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. வலது பக்கம் நீங்க வந்து உக்காந்தாத்தான் பேட்டரியையே தொடுவேங்கிறாரு!"